முதல் தண்ணீர்

கிள்ளான்,
3 பிப்ரவரி 2025

தம்பி சுகுமாறனுக்கு அக்கா சீதாலெட்சுமி எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரோடு கிழித்துப் போட்டுவிடாதே. ஒட்டிய தபால் தலைக்காவது மரியாதை கொடுத்துப் படி. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உன் அத்தானிடம் கேட்டேன். "ஒன்ன பிளாக் பண்ணிட்டான்லா, வேற என்ன?" என்று ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். தபால்காரரை உன்னால் பிளாக் பண்ண முடியாது அல்லவா, அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அம்மாவுக்காக நீ சிங்குக்குக் கீழே மாட்டிக் கொடுத்த தண்ணீர் ஃபில்டர் போய்விட்டது. போன மாதக் கடைசியில் எங்கள் தாமான் வீடுகள் முழுவதும் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வாளி, தோங், குக்கர், சாமி அறைக் குடம் என்று இருந்த பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்துச் சமாளித்தோம். தண்ணீர் திரும்பி வந்தபோது தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஃபில்டருக்குப் போகும் குழாயை நான் மூடி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக வந்தது. இப்போது அதுவும் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்த அந்த உறைக்குள் வெள்ளையாக ஒன்று நிற்குமே, அது சேறு பூசிக்கொண்டு நிற்கிறது.

பக்கத்து வீட்டு ரம்லத் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். குனிந்து பார்த்தார். "இதெல்லாம் பழைய மாடல் ஆன்டி, தூக்கிப் போடுங்க. மாச வாடகைக்கு மெஷின் தரேன். சுடுதண்ணி, ஐஸ் தண்ணி எல்லாம் பட்டன் அமுக்குனா வரும்" என்றார். நல்ல மனிதர்தான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு உன் வீட்டு நான்கு மாடிப் படியை ஏற முடியாமல் அம்மா என் வீட்டுக்கு வந்த அன்று, குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "என்னடி இது, நீச்சல் குளத்துத் தண்ணியா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? மறுநாளே நீ வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாய். உன் கையால் மாட்டியதை வேறொருவர் கழற்றுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. அம்மாவைத் தூக்கிய அன்று, சனம் எல்லாம் நிற்கும்போது வாசலில் நின்று சொன்னாய்: "பெத்தவளுக்குத் தண்ணி குடுக்காம கொன்ன வீடு இது. இந்த வீட்டுல இனிமே பச்சத் தண்ணிகூட என் வாயில படாது. ஒங்கூடப் பேச்சும் கெடையாது." சொன்னபடியே பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது வேனில் போத்தல் வைத்துக்கொண்டு குடித்தாய். அதன்பிறகு வரவே இல்லை. கிட்னி போனவருக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னவர் டாக்டர். அளந்தவள் நான். பழி மட்டும் முழுசாக எனக்கு வந்து சேர்ந்தது.

சண்டை போட இதை எழுதவில்லை. மார்ச் எட்டாம் தேதி அம்மாவுக்கு ஆண்டுத் திதி. அன்றைக்குப் படையலில் வைக்கும் தண்ணீர், நீ மாட்டிய குழாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு நாள் வந்து சரிசெய்து கொடுக்கிறாயா? என்னோடு பேசவேண்டாம். அத்தானோடு பேசிக்கொள். நான் ரம்லத் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்,
7 பிப்ரவரி

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன்னோடு பேச்சு கிடையாது என்றுதான் சொன்னேன். எழுதுவது பேச்சில் சேராது. அதனால் எழுதுகிறேன்.

நான் வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன். எந்த வீட்டில் ஃபில்டர் மாட்டினாலும் அந்தக் குழாயில் முதல் கிளாஸை நான்தான் குடிப்பேன். நிறம், வாடை, ருசி மூன்றும் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். மாட்டியவன் குடிக்காத தண்ணீரை வீட்டுக்காரர் எதை நம்பிக் குடிப்பார்? தொழில் தொடங்கிய நாளிலிருந்து இதை நான் மாற்றியதில்லை. உன் வீட்டில் குடிக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குடிக்காமல் மாட்டிவிட்டு வரவும் என்னால் ஆகாது. ஆக, வராமல் இருப்பதுதான் சரி.

ஆனால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய மாடல் என்று சொன்னவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உறை நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு உருளைகளை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருப்பது சேற்றைப் பிடிக்கும். முதல் உறையில் அது. கறுப்பு மூடி போட்டிருப்பது கரி. வாடையை எடுப்பது அதுதான். இரண்டாவது உறையில் போட வேண்டும்.

அத்தானைச் செய்யச் சொல். முதலில் சுவரோரம் இருக்கும் வால்வை மூட வேண்டும். பிறகு சின்னக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். மறந்தால் முகத்தில் அடிக்கும். உறையைக் கழற்ற வளையச் சாவி ஒன்று அனுப்பியிருக்கிறேன். புதியதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் போடச் சொல். சிரிக்காதே. உரிக்காமல் போட்டுவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் நிறைய.

முக்கியமானது ஒன்று. புதுக் கரி போட்டதும் வரும் முதல் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாளி பிடித்து ஊற்றிவிடு.

பார்சலுக்குப் பணம் எதுவும் அனுப்பாதே.

சுகுமாறன்

*

கிள்ளான்,
15 பிப்ரவரி

தம்பிக்கு,

பார்சல் வந்தது. உன் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது என்ன பெரிய வேல, பத்து நிமிசம்" என்று சிங்குக்குக் கீழே போனார். முட்டி மடங்கவில்லை. படுத்துக்கொண்டே நுழைந்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. "சீதா, இடப்பக்கம் திருப்பணுமா, வலப்பக்கமா? நான் மல்லாந்து கெடக்கேன், எனக்கு எல்லாம் தலைகீழா இருக்கு" என்று உள்ளிருந்து சத்தம். நான் இடப்பக்கம் என்றேன். யாருடைய இடப்பக்கம் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. திருப்பத் திருப்ப இன்னும் இறுகிவிட்டது. ஸ்கூல் பஸ்ஸை எத்தனையோ வருஷம் ஓட்டிய மனிதர், ஒரு மூடியிடம் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் கழற்றவில்லை. இப்போதைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்.

உன் வழக்கத்தை எழுதியிருந்தாய். முதல் கிளாஸ் நீதான் குடிப்பாய் என்று. நல்ல வழக்கம். என்னிடமும் ஒரு வழக்கம் இருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா என் வீட்டில் இருந்தபோது, ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தேன். காலையில் நிரப்பினால் மறுநாள் காலைவரை அதுதான். மாத்திரைக்கு ஒரு மிடறு, சாப்பாட்டுக்கு ஒரு மிடறு. ரொம்பத் தாகம் என்றால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைப்பேன். "தண்ணி குடு சீதா" என்று நாள் முழுக்கக் கேட்பார். திட்டுவார். அழுவார். சில நேரம் என்னை அடையாளம் தெரியாத மாதிரி, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க அக்கா" என்று கெஞ்சுவார். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் அதைப் பார்த்தாய். நான் மற்ற நாளெல்லாம் பார்த்தேன்.

அம்மா கண்ணெதிரே நான் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. எனக்குத் தாகமெடுத்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல் விளக்கும் குவளையில் பிடித்துக் குடிப்பேன். சத்தம் கேட்கக் கூடாது என்று குழாயை மெல்லத் திறப்பேன். திருடி மாதிரி. அம்மா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஹாலில் படம் மாட்டியிருக்கிறது. அடுக்களையிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்தப் படத்துக்கு முன்னால் எனக்குத் தண்ணீர் இறங்குவதில்லை. இன்றைக்கும் குளியலறைதான்.

இதைச் சொல்லி உன் மனதைக் கரைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நீ உன் வழக்கத்தைச் சொன்னாய், நான் என்னுடையதைச் சொன்னேன்.

எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுது. மல்லாந்து படுத்திருப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்,
20 பிப்ரவரி

அக்காவுக்கு,

தரையில் உட்கார்ந்து, உறையின் அடிப்பாகத்தை மேலிருந்து பார்க்காமல் கீழிருந்து பார்த்தால், கடிகார முள் ஓடுவதற்கு எதிர்ப் பக்கம். மல்லாந்து கிடந்தாலும் அதே கணக்குத்தான். அத்தான் இறுக்கிவிட்டதால் கையால் வராது. சாவியை மாட்டி, சாவியின் பிடியில் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொல். உறையில் தட்டக் கூடாது, வெடித்துவிடும்.

மேலே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைத் துடைத்து, வாஸ்லின் தடவி, பள்ளத்தில் ஒழுங்காக உட்கார வைத்துவிட்டு மூட வேண்டும். ஒழுகினால் குற்றம் அந்த வளையத்தில்தான் இருக்கும்.

நீ எழுதிய மற்ற விஷயத்தையும் படித்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ துணி காயப்போட வெளியே போயிருந்தாய். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது குடுடா" என்றார். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவன் நான். அந்த ஃபில்டரை மாட்டியவன் நான். எழுந்து நாலு எட்டு வைத்தால் குழாய். கொடுக்கவில்லை. உன் கோட்டுப் போத்தலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. புதன்கிழமை போய்விட்டார்.

இதை மறுபடி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

சுகுமாறன்

*

கிள்ளான்,
9 மார்ச்

தம்பி,

நேற்றுத் திதி முடிந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ எழுதியபடி சுத்தியலால் தட்டி அத்தான் அதைக் கழற்றிவிட்டார். ஆனால் புதியதை அன்றே மாட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். திதி நாள் காலையில் குளித்துவிட்டு மாட்டுவோம், அம்மாவுக்கென்றே புதுசாகத் தொடங்குவோம் என்று எனக்கு ஓர் எண்ணம். நேற்றுக் காலை மாட்டினார். வாஸ்லின் தடவினார். தாளை உரித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன். முதல் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். தெரியும். குடிக்கக் கூடாது என்றுதானே எழுதினாய், படைக்கக் கூடாது என்று எழுதவில்லையே? எந்த வீட்டிலும் முதல் பால், முதல் சோறு, முதல் பழம் சாமிக்குத்தான். யார் வாயும் படாத முதல் தண்ணீர் அம்மாவுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு நாள் தாகத்தோடு இருந்தவர். சொம்பு நிறையப் பிடித்து, துளசி போட்டு, படத்துக்கு முன்னால் வைத்தேன். அளக்கவில்லை தம்பி. விளிம்புவரை நிறைத்து வைத்தேன்.

ஆள்கள் வந்தார்கள். சூடம் காட்டினோம். இலையைச் சுற்றித் தண்ணீர் விட வேண்டும், எல்லாருக்கும் கையில் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்று அத்தான் சொம்பிலிருந்து கிளாஸில் ஊற்றினார். கறுப்பு. மை மாதிரி கறுப்பு. துளசி இலையெல்லாம் கறுத்துப் போயிருந்தது. விடியாத இருட்டில் பித்தளைச் சொம்பில் பிடித்தபோது எனக்கு அது தெரியவில்லை. வீரம்மா சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஒங்கம்மாவுக்கு இன்னும் மனசு ஆறல போல இருக்கு சீதா" என்றார்.

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. பரிமாறியதெல்லாம் ரம்லத்தும் அத்தானும்தான். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை நாள் நீ சொன்னதற்கு மனதுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னார், நான் செய்தேன், செய்யாமல் விட்டிருந்தால் அம்மா இன்னும் முன்னாலேயே போயிருப்பார் என்று. நேற்று அந்தச் சொம்பைப் பார்த்த பிறகு அந்தப் பதிலை எனக்கே நம்ப முடியவில்லை. நீ சொன்னதுதான் சரியோ? அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாரோ? நான் கொடுத்த தண்ணீர் அவருக்கு வேண்டாமோ?

அத்தான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கேட்கிற நிலையில் நான் இல்லை. அந்தக் குழாயை மூடி, மேலே ஒரு துணியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்,
13 மார்ச்

அக்கா,

இதைக் கவனமாகப் படி. அத்தானையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

அந்தக் கறுப்பு கரித்தூள். வேறு ஒன்றுமே இல்லை. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு நொறுக்கித்தான் அந்தக் கரியைச் செய்கிறார்கள். பெட்டியில் வரும்போதே அதில் தூள் இருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் அந்தத் தூள் முழுவதும் கழுவிக்கொண்டு வெளியே வரும். கறுப்பாக வந்தால்தான் அது புதுக் கரி. இரண்டு வாளி போனால் சாம்பல் நிறம், அதற்குப் பிறகு தெளிந்துவிடும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் வரும். யார் மாட்டினாலும் வரும். அதனால்தான் ஊற்றிவிடச் சொன்னேன். ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். தினமும் பார்க்கிற எனக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. நீ அதைச் சொம்பில் பிடித்து அம்மாவுக்குப் படைப்பாய் என்று நான் எங்கே கண்டேன்?

வீரம்மா சித்திக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அப்படியா, கரியா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோபம் வந்தால் சொம்பில் காட்டுகிற ஆள் இல்லை அவர். வாயாலேயே சொல்லிவிட்டுப் போகிறவர். நீச்சல் குளத்துத் தண்ணியா என்று கேட்டவருக்கு, மனதில் ஒன்று இருந்தால் ஒரு வருஷம் காத்திருந்து கறுப்புத் தண்ணீரில் சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன்.

போன மாதக் கடைசியில் சுங்கை வே பக்கம் ஒரு வீட்டுக்கு ஃபில்டர் மாற்றப் போனேன். வீட்டுக்காரர் ரெங்கசாமி என்று ஒருவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட தடம். நான் வேலையை முடித்து, கரித்தூளெல்லாம் போன பிறகு, வழக்கப்படி ஒரு கிளாஸ் பிடித்தேன். அவர் என் கையையே பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கிளாஸைப் பார்த்தார். "அண்ணே, அவருக்கு இன்னிக்குள்ளது முடிஞ்சிருச்சு. நான் குடுத்தா நெஞ்சுல தண்ணி ஏறிரும். மூச்சு நின்னுரும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அவர் மனைவி சொன்னார். யாரும் அந்தப் பெண்ணை எதுவும் கேட்கவில்லை. தானாகவே சொன்னார். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாரோ.

எனக்கு அந்தத் தண்ணீர் இறங்கவில்லை அக்கா. கிளாஸோடு வெளியே போய், வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். குடிக்கும்போது உன் குளியலறை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, காலையில் வருகிறேன். அதுவரை அந்தக் குழாயைத் தொடாதே. துணியை அவிழ்க்கவும் வேண்டாம். நானே அவிழ்க்கிறேன்.

சுகுமாறன்

*

பிரிக்பீல்ட்ஸ்,
26 மார்ச்

அக்கா,

கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சாதம் இரண்டு வேளைக்கு வந்தது.

ஃபில்டர் விவரம். அத்தான் மாட்டியது சரியாகத்தான் இருந்தது. அவரிடம் சொல், சந்தோஷப்படுவார். ரப்பர் வளையத்தை மட்டும் புதிதாக மாற்றினேன். சுவரோர வால்வு பழசாகிவிட்டது, அதையும் மாற்றிவிட்டேன். இனிமேல் தண்ணீர் நின்று திரும்பி வரும்போதெல்லாம் முதலில் அந்த வால்வை மூடு. வெளிக்குழாயில் கலங்கல் போன பிறகு திற. வெள்ளை உருளையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் கரியை வருஷத்துக்கு ஒரு தடவையும் மாற்ற வேண்டும். மூட்டுகளுக்குக் கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்து வை. ஒழுகினால் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

தண்ணீர் நன்றாக இருக்கிறது. நிறம், வாடை, ருசி எதிலும் குறை இல்லை.

சுகுமாறன்

*

கிள்ளான்,
29 மார்ச்

தம்பி சுகுமாறனுக்கு,

உன் கடிதத்தை அத்தான் சத்தமாகப் படித்துக் காட்டினார். "அத்தான் மாட்டியது சரியாகத்தான் இருந்தது" என்ற வரியை மட்டும் தனியாக இன்னொரு தடவை படித்தார். ரம்லத் வீட்டுக்கும் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். இனி அவரோடு வாழ்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

வளையத்தைப் பற்றி எழுதினாய், வால்வைப் பற்றி எழுதினாய். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எனக்கு அது தாளில் இருக்க வேண்டும்.

நீ வந்ததிலிருந்து என் பக்கம் திரும்பவே இல்லை. "அத்தான், டார்ச் பிடிங்க", "அத்தான், வாளி எங்க?" என்று எல்லாம் அத்தான்தான். ரம்லத் வீட்டுக்குப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேனே, போகவில்லை. அடுக்களை வாசலில் நின்றேன். போகச் சொல்வாய் என்று பயமாக இருந்தது. நீ சொல்லவில்லை. நான் கட்டிய துணியை அவிழ்த்து, மடித்து, அடுப்பு மேடையில் வைத்தாய். தூக்கி எறியவில்லை.

முதல் வாளி கறுப்பு. நீ அதை ஊற்றாமல் என் காலடிக்கு நகர்த்தி வைத்தாய், நான் பார்க்கட்டும் என்று. இரண்டாவது சாம்பல் நிறம். அதையும் நகர்த்தினாய். மூன்றாவது வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. மூன்று வாளியையும் வரிசையாக வைத்துவிட்டு அத்தானிடம், "பாத்தீங்களா அத்தான், அவ்வளவுதான்" என்றாய். அவருக்குச் சொன்னதில்லை அது. எனக்குத் தெரியும்.

பிறகு கிளாஸை எடுத்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய், மோந்து பார்த்தாய். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாய். உன் அத்தான் இருக்கிறாரே, நல்ல மனிதர், உன் சங்கடம் அவருக்குப் புரிந்துவிட்டது. "குடு சுகு, நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்லா" என்று கையை நீட்டினார். கொடுத்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். கொடுத்திருந்தாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வந்திருக்காது. வந்ததே பெரிசு என்று நினைத்திருப்பேன்.

"இல்ல அத்தான், மாட்டுனவன்தான் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தாய். நாக்கில் வைத்திருந்து விழுங்கினாய். அது வேலைக்காகக் குடித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில்காரர் ருசி பார்த்தார், அவ்வளவுதான், அதில் நான் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. ஆனால் நீ நிறுத்தவில்லை. கிளாஸ் காலியாகும்வரை குடித்தாய். அப்புறம் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கிளாஸை நீட்டினாய்.

"அக்கா, இன்னொரு கிளாஸ் தண்ணி குடு."

ருசி பார்க்க ஒரு மிடறு போதும் தம்பி. ரெண்டாவது கிளாஸுக்கும் ஃபில்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாதியைக் கீழே சிந்திவிட்டுத்தான் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புளிச்சாதம் இருக்கிறதா என்று கேட்டாய்.

நீ போன பிறகு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, அந்தக் குழாயில் பிடித்து, அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன். எனக்கும் ஒரு கிளாஸ் பிடித்துக்கொண்டேன். அத்தான் வெளியே ரம்லத் வீட்டுக்காரரிடம் ரப்பர் வளையத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஹாலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கிளாஸை மடியில் வைத்திருந்தேன். அம்மா எப்போதும் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்தேன். இறங்கியது.

அக்கா